‘எப்பவுமே இப்படித்தானா?’: ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தலையில் அடிபட்டால்

தலையில் அடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேஷுவாலிட்டிக்குள் போனால், டாக்டர் முதலில் பிள்ளையிடம் பேச்சுக் கொடுப்பார். "உன் பேர் என்ன கண்ணா? எப்படி விழுந்தே? தலை வலிக்குதா? இது எத்தனை விரல், சொல்லு பார்ப்போம்." பிள்ளை முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டால் பாதிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார், நடக்கச் சொல்வார், புடைப்பைத் தடவிப் பார்ப்பார். சில நிமிடங்களில் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் அதே சில நிமிடங்கள் வேறு மாதிரி போகும். பெயரைக் கேட்டால் பதில் வராது. இல்லாவிட்டால் "உன் பேர் என்ன கண்ணா" என்று கேள்வியே திரும்பி வரும். விரலைக் காட்டினால் பார்வை மேலே சுற்றுகிற ஃபேனுக்குப் போகும். டார்ச்சைக் கண்ணருகே கொண்டுபோனால் அலறல். நடக்கச் சொன்னால் நுனிக்காலில் ஓட்டம். வேறு ஒரு பிள்ளை இப்படி நடந்துகொண்டால் எந்த டாக்டரும் தாமதிக்காமல் ஸ்கேனுக்கு அனுப்பிவிடுவார். இந்தப் பிள்ளையோ அடிபடாத நாளிலும் இப்படித்தான் இருப்பான்.

இங்கே தவறு இரண்டு பக்கமும் நடக்கலாம். பிள்ளையின் இயல்பை மூளைக்காயத்தின் அறிகுறி என்று எடுத்துக்கொண்டு, தேவையில்லாமல் மயக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுப்பது ஒன்று. உண்மையான அறிகுறியை "ஆட்டிசம் இருக்கிற பிள்ளைன்னா அப்படித்தான்" என்று தள்ளிவிடுவது மற்றொன்று. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம். அதைச் சொல்பவர் டாக்டராக இருக்கலாம், பாட்டியாக இருக்கலாம், பெற்றவர்களாகவும் இருக்கலாம். அந்த ஒரு வரியில் பிள்ளையின் வலி, குழப்பம், தலைச்சுற்றல் எல்லாமே மறைந்துபோகும்.

அதனால் இந்தப் பிள்ளைகளுக்கு உதவுகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இவன் எப்பவுமே இப்படித்தானா, இல்லை இன்னைக்குத்தான் இப்படியா?" அந்தக் கேள்விக்குப் பதில் ஸ்கேன் மெஷினிடம் இல்லை. வீட்டில் இருக்கிறது.

கன்கஷன் என்பது தலைக்கோ உடம்புக்கோ விழுகிற அடியால் மூளை மண்டைக்குள் சட்டென்று அசைந்து, அதன் வேலை கொஞ்ச நாளைக்குக் கலைந்துபோவது. எலும்பு முறிய வேண்டியதில்லை, ரத்தம் கசிய வேண்டியதில்லை, மயங்கி விழவும் வேண்டியதில்லை. பெரும்பாலான கன்கஷன்களில் நினைவு தப்புவதே இல்லை. சி.டி. ஸ்கேனில் அது தெரியவும் தெரியாது. மண்டைக்குள் ரத்தக்கசிவு இருக்கிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். ஸ்கேன் சரியாக இருக்கிறது என்றால் அறுவை சிகிச்சை தேவைப்படுகிற பெரிய ஆபத்து இல்லை என்று பொருள். கன்கஷன் இல்லை என்று பொருள் அல்ல. இந்த வித்தியாசத்தைப் பல குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை. "ஸ்கேன் நார்மல்" என்ற நிம்மதியில் மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். அடுத்த இரண்டு வாரம் ஏன் இப்படி ரகளை செய்கிறான் என்று யாருக்கும் விளங்காது.

கன்கஷனின் அறிகுறிகளைப் பாருங்கள். தலைவலி, வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியாமை, எரிச்சல், தூக்கம் மாறுவது, கவனம் நிற்காமை, மெதுவாகப் பதில் சொல்வது, தடுமாற்றம். இந்தப் பட்டியலில் தலைவலியை எடுத்துவிட்டால், மீதியெல்லாம் பல ஆட்டிசப் பிள்ளைகளின் அன்றாடம். தலைவலி ஒன்றுதான் தனியாக நிற்கிறது, அதையும் அவர்களில் பலரால் சொல்ல முடியாது.

யோசிக்காமல் ஓட வேண்டியவை

இதற்கு மேல் படிப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சில அறிகுறிகளுக்கு "எப்பவுமே இப்படித்தானா" என்ற ஒப்பீடே தேவையில்லை. எழுப்பினால் எழவில்லை, வலிப்பு வருகிறது, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாகிவிட்டது, திரும்பத் திரும்ப வாந்தி, ஒரு பக்கக் கையோ காலோ தளர்கிறது, பேச்சு குழறுகிறது, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீரோ ரத்தமோ வருகிறது, காதுக்குப் பின்னாலோ இரண்டு கண்ணைச் சுற்றியோ கறுப்பாக ரத்தம் கட்டுகிறது, கொஞ்ச நேரத்துக்காவது நினைவு தப்பியது என்றால் 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். ஏற்கெனவே வலிப்புநோய் உள்ள பிள்ளையாக இருந்தாலும் அடிபட்ட பிறகு வருகிற வலிப்பை "வழக்கமானதுதான்" என்று விடக்கூடாது. ஆட்டிசத்தோடு வலிப்புநோயும் சேர்ந்து இருப்பது மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் என்பதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. மண்டை ஓட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் கசிந்தால், பிள்ளை முதலில் நன்றாகவே இருப்பதுபோலத் தெரிந்துவிட்டுச் சில மணி நேரத்தில் மோசமாகலாம். எழுந்து ஓடிவிட்டானே என்று அன்று முழுக்கக் கவனிக்காமல் விடுவது சரியில்லை. முதல் 24 மணி நேரம் யாராவது ஒருவர், பிள்ளையை நன்றாகத் தெரிந்தவர், கூடவே இருக்க வேண்டும்.

நெற்றியில் கொம்பு முளைத்த மாதிரி வீங்கினால் பார்ப்பவர்களுக்குப் பதறிப்போகும். ஆனால் சின்னக் குழந்தைகளில் நெற்றிப் புடைப்பைவிடத் தலையின் பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் வருகிற மெத்தென்ற வீக்கத்துக்குத்தான் டாக்டர்கள் அதிகம் கவலைப்படுவார்கள். துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் போதும். ஸ்பூனால் அழுத்தித் தேய்ப்பது, காப்பித்தூள் அப்புவது எதுவும் வேண்டாம். தலையைத் தொடுவதையே தாங்காத பிள்ளைக்கு ஐஸ்கூடக் கட்டாயம் இல்லை. வலுக்கட்டாயமாகப் பிடித்து வைத்தால் அவன் திமிறித் திரும்பவும் இடித்துக்கொள்வான்.

டாக்டரின் அளவுகோல் தடுமாறும் இடம்

அடிபட்டவர் எவ்வளவு தெளிவாக விழித்திருக்கிறார் என்று மதிப்பெண் போட, உலகம் முழுக்க அவசரச் சிகிச்சையில் பயன்படுவது கிளாஸ்கோ கோமா அளவை. 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னட் என்ற இரண்டு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் உருவாக்கியது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6, மொத்தம் 15. பேசாத ஆட்டிசப் பிள்ளையை இதில் வைத்துப் பாருங்கள். கண் திறந்திருக்கிறது, 4. சொன்னால் கையைத் தூக்குகிறான், 6. பேச்சு? வெறும் ஒலி மட்டும்தான், அதற்கு 2. கூட்டினால் 12. 13-க்குக் கீழே வந்துவிட்டால் அது லேசான காயம் என்ற கணக்கிலிருந்து நடுத்தரக் காயமாக மாறிவிடுகிறது. பிள்ளைக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அவன் இயல்பாகப் பேசாதவன் என்பதற்காக மூன்று புள்ளி போய்விட்டது. கேள்வியையே திருப்பிச் சொல்கிற பிள்ளைக்கும் இதே கதைதான்: பொருத்தமில்லாத சொற்கள் என்றோ குழப்பமான பேச்சு என்றோ குறித்துவிடுவார்கள்.

மறுபக்கமும் உண்டு. வழக்கமாக நான்கு வார்த்தை சேர்த்துப் பேசுகிற பிள்ளை இன்றைக்கு ஒலி மட்டும் எழுப்புகிறான். "ஆட்டிசம்" என்று ஃபைலில் பார்த்த டாக்டர், பேசாத பிள்ளைபோல என்று நினைத்துக்கொண்டால் ஒரு பெரிய அறிகுறி நழுவிவிட்டது. பேச்சு எவ்வளவு வரும் என்பதைப் பெற்றவர்கள் முதல் நிமிடத்திலேயே, கேட்காவிட்டாலும், சொல்லிவிட வேண்டும்.

எந்தப் பிள்ளைக்கு ஸ்கேன் தேவை, எந்தப் பிள்ளைக்குத் தேவையில்லை என்று முடிவெடுக்க டாக்டர்களுக்கு உதவுகிற விதிகளில் முக்கியமானது பெக்கார்ன் விதி. வட அமெரிக்காவின் 25 அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் தலையில் அடிபட்டு வந்த 42,412 பிள்ளைகளைப் பார்த்து உருவாக்கி, 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்குக் கீழ், அதற்கு மேல் என்று இரண்டாகப் பிரித்து, விழுந்த உயரம், வாந்தி, நினைவு தப்பியது, மண்டையோட்டு முறிவின் அடையாளங்கள் போன்றவற்றைப் பார்க்கும் விதி. இரண்டு வயதுக்குக் கீழ் சுமார் 3 அடிக்கு மேலிருந்தும், அதற்கு மேற்பட்ட பிள்ளை 5 அடிக்கு மேலிருந்தும் விழுந்திருந்தால் அது பலமான விழுதல் என்று கணக்கு. எந்த அடையாளமும் இல்லாத பிள்ளைக்கு ஆபத்தான மூளைக்காயம் இருக்கிற வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஸ்கேன் வேண்டாம். மண்டையோட்டு முறிவின் அடையாளமோ விழிப்பு நிலையில் மாற்றமோ இருந்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். மற்ற அடையாளங்களில் ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் சில மணி நேரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கவனிக்கலாம்.

இந்த விதிக்குள் எனக்குப் பிடித்த ஒரு வரி இருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு, "பெற்றவர் சொல்கிறபடி குழந்தை இயல்பாக நடந்துகொள்ளவில்லை" என்பது அதிகாரபூர்வமான ஓர் அடையாளம். ரத்தப் பரிசோதனை போல, எக்ஸ்ரே போல, அம்மா சொல்வதும் ஒரு மருத்துவத் தகவல் என்று அந்த ஆய்வு ஒப்புக்கொண்டது. பேசத் தெரியாத வயது என்பதால்தான் அப்படி. அதே காரணம் பேசாத எட்டு வயதுப் பிள்ளைக்கும் பொருந்த வேண்டாமா? விதியில் அப்படி எழுதியில்லை என்றாலும் டாக்டரிடம் அதைத் தயங்காமல் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் பெரிய பிள்ளைகளுக்கான பகுதியில் சில சிக்கல்கள் உண்டு. கடுமையான தலைவலி இருக்கிறதா என்பது ஓர் அடையாளம். சொல்ல முடியாத பிள்ளையிடம் அதை எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது நினைவு குழம்பியதன் அடையாளம் என்கிறது விதி. "நாளைக்கு ஸ்கூல் இருக்கா?" என்று ஒரு மாலைக்குள் முப்பது தடவை கேட்கிற பிள்ளை நம்மில் எத்தனை வீட்டில் இருக்கிறது! அவன் அந்தக் கேள்வியை வழக்கமான ராகத்தில், வழக்கமான பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறானா, இல்லை அவன் இதுவரை கேட்டே இராத ஒன்றைப் பதில் கிடைத்த பிறகும் முழித்துக்கொண்டு கேட்கிறானா என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். அதோடு, பரிசோதனையைச் சிக்கலாக்கும் நரம்பியல் நிலை ஏற்கெனவே உள்ள பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. பேசாத, பரிசோதிக்க விடாத பிள்ளை வரும்போது விதியை அப்படியே பொருத்தி "ஒன்றுமில்லை, போங்கள்" என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் தன் அனுபவத்தையும் வீட்டார் சொல்வதையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

விளையாட்டு மைதானங்களில் பயன்படுத்துகிற கன்கஷன் சோதனைகளும் பேசுகிற பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தவைதான். வார்த்தைகளை ஞாபகம் வைத்துச் சொல்லு, எண்களைத் தலைகீழாகச் சொல்லு, ஒரு கோட்டில் குதிகாலும் கட்டைவிரலும் தொட நட. இதில் பிள்ளை எடுக்கிற மார்க் குறைவாக இருந்தால் அது காயத்தைக் காட்டுகிறதா, கேள்வி புரியாததைக் காட்டுகிறதா என்று பிரிக்க வழியில்லை. அதற்குப் பதிலாக அவனுக்கே உரிய சோதனையை வைக்கலாம். பிடித்த பாட்டை நடுவில் நிறுத்தினால் அடுத்த வரியை முணுமுணுக்கிறானா? தினமும் ஒரு மூச்சில் அடுக்குகிற புதிர்ப்பலகையை இன்றைக்கும் அடுக்குகிறானா, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கிறானா? மாடிப்படியில் வழக்கம்போல ஏறுகிறானா, சுவரைப் பிடிக்கிறானா? ஃபோனில் அவன் வழக்கமாகத் திறக்கிற வீடியோவுக்கு விரல் நேராகப் போகிறதா?

வலி தெரியாத பிள்ளை அல்ல

"இவனுக்கு வலியே தெரியாது" என்று பெருமையாகவும் கவலையாகவும் சொல்லும் பெற்றோர் நிறையப் பேர். விழுந்தால் அழ மாட்டான், ரத்தம் வந்தால்கூடக் காட்ட மாட்டான். ஆனால் கனடா ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது ஆட்டிசப் பிள்ளைகளின் முகத்தைப் படம்பிடித்துப் பார்த்தபோது வலி முகத்தில் தெளிவாகவே தெரிந்தது. பிள்ளைக்கு வலி எவ்வளவு தெரியும் என்று பெற்றவர்கள் முன்பு சொன்னதும், கேமராவில் தெரிந்ததும் பொருந்தவில்லை. பெற்றவர்களின் பார்வைதான் முக்கியக் கருவி என்று சொல்லிக்கொண்டே இதையும் சொல்லத்தான் வேண்டும்: அந்தக் கருவியிலும் ஒரு கோளாறு இருக்கிறது. வலி எங்கே, எவ்வளவு என்று உடம்பிலிருந்து வருகிற சேதியைப் பிரித்துணர்ந்து சொல்வதுதான் பல ஆட்டிசப் பிள்ளைகளுக்குக் கஷ்டம். வலி இல்லை என்பது வேறு, வலியைக் காட்டத் தெரியவில்லை என்பது வேறு.

அவர்கள் காட்டும் விதத்தைத்தான் படிக்க வேண்டும். உள்ளங்கையால் கண்ணை அழுத்துவது, தலையைத் தலையணைக்கு அடியில் சொருகுவது, மேஜைக்கு அடியில் போய் உட்கார்வது, ஒரே பக்கமாகக் காதைப் பொத்துவது, பிடித்த சாதத்தைத் தள்ளுவது. அப்புறம், ஒருநாளும் தலையை இடிக்காதவன் திடீரென்று இடிக்க ஆரம்பிப்பது. ஆஸ்பத்திரிகளில் பேசாத பிள்ளையின் வலியை அளக்க ஃபிளாக் என்றொரு முறை உண்டு: முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்ற முடிகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் கொடுப்பது. 2006-ல் அதைத் திருத்தி, அறிவுத்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக, அந்தந்தப் பிள்ளைக்கே உரிய வலி அடையாளங்களைப் பெற்றவர்களிடம் கேட்டு எழுதிச் சேர்க்கும்படி செய்தார்கள். "என் மகள் வலித்தால் சிரிப்பாள்" என்று ஒரு அம்மா சொன்னால், அந்தப் பிள்ளைக்குச் சிரிப்புதான் வலியின் அடையாளம். படிவத்திலும் அப்படியே எழுதலாம்.

கேள்வி கேட்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பேசுகிற பிள்ளையாக இருந்தாலும் "தலை வலிக்குதா?" என்று கேட்டால் "வலிக்குது" என்று வந்துவிடும். நம்புவதற்கு முன் "தலை வலிக்கலையா?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு "வலிக்கலை" என்று வந்தால், இரண்டு பதிலுமே நம் கேள்வியின் எதிரொலிதான். உடம்புப் படம் ஒன்றைக் காட்டித் தொடச் சொல்வது, அவன் பேசப் பயன்படுத்தும் பட அட்டையில் "வலி", "தலை" இரண்டையும் வைத்துக் காத்திருப்பது மேல். காத்திருப்பது முக்கியம். பத்து விநாடி, இருபது விநாடி. பதற்றத்தில் நாம் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவோம்.

உறவினர்கள் வந்திருக்கிற வீட்டில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு இருக்கிறது: "பரவாயில்லையே, விழுந்ததுக்கு அப்புறம் சமத்தா உட்கார்ந்திருக்கானே!" ஓயாமல் ஓடுகிற, குதிக்கிற, கையை உதறுகிற பிள்ளை அன்றைக்கு மட்டும் சோபாவில் அசையாமல் இருந்தால் அது சமத்து இல்லை. மாற்றம் எந்தப் பக்கமும் வரலாம். சிலர் வழக்கத்தைவிட அதிகமாக ஆடுவார்கள், கத்துவார்கள், தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து கதறுகிற மெல்ட்டவுன் ஒரு நாளைக்கு ஒன்று வருவது நான்காகும். சிலர் தங்கள் ஆட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். ஊஞ்சலுக்கு உயிரை விடுகிற பிள்ளை ஊஞ்சலைக் கண்டால் விலகிப் போனால் தலைசுற்றல் இருக்கலாம். கழிப்பறைப் பழக்கம் பழகிய பிள்ளை படுக்கையை நனைக்கலாம், வந்த சொற்கள் சில நாள் காணாமல் போகலாம். இவற்றில் பலவும் மேலே சொன்ன பொதுப் பட்டியலில் இல்லை.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. தலையில் அடிபட்டவனைத் தூங்க விடாதே என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். அடிபட்ட பிறகு நன்றாக விழித்திருந்து, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளை வழக்கமான நேரத்தில் தூங்கலாம். தூக்கமே பிரச்சினையாக இருக்கிற ஆட்டிசப் பிள்ளையை வலிய விழிக்க வைத்தால், மறுநாள் எரிச்சல் கன்கஷனாலா தூக்கம் கெட்டதாலா என்று பிரிக்க முடியாமல் போகும். மூச்சு சீராக இருக்கிறதா, தொட்டால் வழக்கம்போல நெளிகிறானா என்று நடுவில் பார்த்துக்கொண்டால் போதும். எழுப்பிப் பார்க்கும்படி டாக்டர் சொல்லியிருந்தால் அப்படிச் செய்யுங்கள். பகலில், வழக்கமே இல்லாத நேரத்தில், அசத்திக்கொண்டு வருகிற தூக்கம் வேறு. அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரிஸ்பெரிடோன், மெலட்டோனின் மாதிரி மருந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு அந்த மருந்தே தூக்கத்தைக் கொடுக்கும் என்பதால் கடைசி வேளை எப்போது கொடுத்தோம் என்று டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கிற வால்புரோயேட் சில பிள்ளைகளுக்கு ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும், ரத்தக்கசிவு பற்றிய யோசனையில் அதுவும் சேரும். வலிக்குப் பாராசிட்டமால் எடைக்கேற்ற அளவில் போதும். வேறு மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் ஓர் இயலாமையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளைக் கவனிப்பதிலும் சிகிச்சையிலும் முன்னுரிமை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. கூட்டமும் சத்தமுமாக இருக்கிற வராந்தாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு பரிசோதித்தால், டாக்டர் பார்ப்பது அடியின் விளைவை அல்ல, வராந்தாவின் விளைவை. அடையாள அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டாலும் ஓர் ஓரமான அறை கேளுங்கள். இது சலுகை கேட்பது ஆகாது. பரிசோதனை சரியாக நடக்க வேண்டும் என்பதற்காகக் கேட்பது.

கண்மணியைப் பார்க்க டார்ச்தான் வேண்டும் என்பதில்லை. டார்ச்சை முதலில் பிள்ளை கையில் கொடுத்து அம்மா கண்ணில் அடிக்கச் சொல்லலாம். விளக்கை அணைத்துவிட்டுப் போட்டு, கண்மணி சுருங்குகிறதா என்று தள்ளி நின்றே பார்க்கலாம். இரண்டு கண்மணியும் லேசாக வேறுபட்ட அளவில் இருப்பது சிலருக்குப் பிறவியிலிருந்தே உண்டு. பழைய புகைப்படம் ஒன்று ஃபோனில் இருந்தால் அந்தச் சந்தேகம் உடனே தீரும். பார்வை விரலைத் தொடராவிட்டால் அவனுக்குப் பிடித்த பொம்மைக் காரைத் தொடரும். நடையைப் பார்க்க "நட" என்று கட்டளை போட வேண்டாம், பிடித்ததை அறையின் மறுமுனையில் வைத்தால் போதும்.

சி.டி. எடுக்கத்தான் வேண்டும் என்றால் படம் எடுக்கிற நேரம் மிகக் குறைவு, விநாடிக் கணக்குதான். அசையாமல் படுக்க வைப்பதுதான் பாடு. மயக்க மருந்து கொடுத்தால் அது தெளியும்வரை பிள்ளையின் விழிப்பு நிலையைக் கணிக்க முடியாது. சி.டி.யின் கதிர்வீச்சு சின்ன அளவில் பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் என்பதால் டாக்டர்கள் அதைத் தேவைக்கு மட்டுமே எடுக்கச் சொல்கிறார்கள். ஆகவே "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்" என்று நாமாக வற்புறுத்த வேண்டாம். அதே நேரம், பரிசோதிக்கவே முடியவில்லை, நடத்தையும் நிச்சயம் மாறியிருக்கிறது என்றால் சில மணி நேரம் வைத்துக் கவனியுங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

இதற்கெல்லாம் அடிபடுவதற்கு முன்பே ஒரு காகிதம் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்பாவோ அம்மாவோ ஊரில் இல்லாத நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது சித்தியாகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கலாம். நீளமாக எழுத வேண்டாம், இப்படி இருந்தால் போதும்: "வயது 7. பேச மாட்டான், சொன்னால் புரியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாவது தடவைதான் திரும்புவான். நுனிக்காலில் நடப்பான், ஆனால் தடுமாற மாட்டான். சாப்பிட்டதை எப்போதாவது எதுக்களிப்பான், வாந்தி எடுக்க மாட்டான். வலித்தால் அழ மாட்டான், கன்னத்தைத் தட்டுவான். இரவு 11 மணிக்குத் தூங்குவான். தலையைத் தொடும் முன் கையைத் தொட்டுக் காட்ட வேண்டும். மருந்து இன்னது, இத்தனை மில்லி." கூடவே இரண்டு நிமிட வீடியோ: நடப்பது, படி ஏறுவது, விளையாடுவது, அவன் பேசுகிற அளவுக்குப் பேசுவது. "எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்கும் டாக்டரிடம் அதைக் காட்டினால் அவர் கேள்விக்கு வேறு விளக்கமே தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு வரும் நாட்கள்

முன்பெல்லாம் கன்கஷன் என்றால் இருட்டறையில் முழு ஓய்வு என்பார்கள். இப்போது ஒன்றிரண்டு நாள் அளவான ஓய்வு, பிறகு அறிகுறி கூடாத அளவுக்கு மெல்ல மெல்ல வழக்கத்துக்குத் திரும்புவது என்பதுதான் வழிமுறை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2018-ல் பிள்ளைகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். ஆட்டிசப் பிள்ளைக்கு இந்த அணுகுமுறை நல்லதும்கூட, ஏனென்றால் வழக்கம் உடைவதே அவர்களுக்குத் தனி வேதனை. எதை நிறுத்துகிறோமோ அதை அவனுடைய அன்றாடப் பட அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்துக் காட்ட வேண்டும். வெற்றிடம் விட்டால் ரகளைதான்.

திரை பார்ப்பதைப் பற்றி 2021-ல் வந்த ஓர் ஆய்வு, 12 முதல் 25 வயதுள்ளவர்களில் முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்று காட்டியது. சரி, டேப்லெட்டைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்று தோன்றும். அந்த டேப்லெட்தான் பிள்ளையின் பேச்சு என்றால்? கார்ட்டூனை நிறுத்துங்கள், வெளிச்சத்தைக் குறையுங்கள், பேசும் செயலியை மட்டும் கையிலேயே விட்டுவிடுங்கள். தலைவலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு இருக்கும் ஒரே வாயை அடைத்துவிட்டு, வலிக்கிறதா என்று கேட்பதில் என்ன பயன்?

ஆக்குபேஷனல் தெரபியில் ஊஞ்சல், டிராம்போலின், சுழல் பலகை எல்லாம் வழக்கமாக இருக்கும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை அவற்றை நிறுத்த வேண்டும், முதல் காயம் ஆறுவதற்குள் இன்னொரு அடி படுவதுதான் தவிர்க்க வேண்டிய பெரிய விஷயம். தெரபிஸ்டிடமும் பள்ளி ஆசிரியையிடமும் அடிபட்டதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளை வேலையை மறுத்தால், கத்தினால், அதை நடத்தைப் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டு கண்டிப்பைக் கூட்டிவிடக் கூடாது. அந்த நான்கு வாரம் கண்டிப்பு வேண்டாம், குறிப்பு எடுக்கட்டும்.

தலையைச் சுவரில் இடித்துக்கொள்கிற பழக்கம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் தினமுமா ஓடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வோர் இடிக்கும் ஓட முடியாது. வழக்கத்தைவிடப் பலமாக இடித்தானா, இடித்த பிறகு வழக்கம்போல மீண்டானா என்று இரண்டைப் பாருங்கள். மீளவில்லை என்றால் புதிதாக விழுந்த பிள்ளையைப் போலவே நடத்துங்கள். ஹெல்மெட் தோல் கிழியாமல், மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுசாகத் தடுக்காது. இடிப்பது திடீரென்று அதிகமானால் காதில் சீழ், சொத்தைப் பல், மலச்சிக்கல், ஒற்றைத் தலைவலி என்று உடம்பில் ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், நடத்தைக்கு மருந்தை ஏற்றுவது அதற்குப் பிறகு.